நோய்நிலை உணர்த்தல்

நோய் என்னும் சொல் நோ என்னும் அடியாகப் பிறந்தது. தமிழ்நாட்டார் ‘வலிக்கிறது’ என்னுமிடத்து யாழ்ப்பாணத்தார் இன்றும் ‘நோகுது’ என்றே சொல்வர். தலை நோகும், நாரி நோகும், பிறர் சொன்ன சொல்லால் மனமும் நோகும். பழைய நூல்களிலே நோய் என்பது உடம்பைப் பற்றிய பிணியையும் உள்ளத்தை வருத்துந் துன்பத்தையும் ஒருங்கே குறித்து நின்றது. பிணி உள்ள இடத்தில் நோவும் உண்டு என்பது இச்சொல்லை வழங்கிய முன்னோர் துணிபு போலும். நாம் இக்காலத்தில் இரண்டையும் வேறு பிரித்துவிட்டோம். வைத்தியரிடம் நோய்க்குப் பெயர் கேட்டு வருகின்றோம். அப்பெயருக்கு மருந்தும் வாங்கி வருகின்றோம். நோவை மாத்திரம் நோயாளியின் பங்காக விட்டுவிடுகின்றோம். அவ்வாறு விடப்பட்ட நோவு ஒன்றைக் குறித்துச் சில சொல்ல விரும்புகின்றேன்.

நம்மவர் நடுக்குவாதம் என்று வழங்கும் பிணியை மேனாட்டு வைத்தியர் பார்க்கின்சன் நோய் என்பர். ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் நகரத்து வைத்தியர் 1817ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறு நூலொன்றில், ஆறு பேரிடத்தில் தாம் கண்ட குறிகளை வைத்து இந்நோயை விவரித்தார். ‘நடுங்கும் வாதம்’ என்பதே அவர் அதற்கு இட்ட பெயரின் பொருள். பின்னாளிலே பிரான்சு தேசத்து நரம்பு வைத்திய அறிஞர் சார்க்கோ, கண்டு சொன்னவர் பெயரையே நோய்க்கு இட்டார். வடமொழி வழிவந்த வைத்தியர் இதனைக் கம்பவாதம் என்பர். கம்பம் என்றாலும் நடுக்கமே. காரணப்பெயருக்கு ஓர் இயல்பு உண்டு. தான் சுட்டிய காரணத்தை அது விளக்கும், சுட்டாதவற்றை மறைத்துவிடும். நடுக்குவாதம் என்ற பெயரைக் கேட்டவர் நோயாளியின் கையைப் பார்க்கின்றனர். கை நடுங்காது இருந்தால், ‘இப்போது சுகம்’ என்று சொல்லி எழுந்து போகின்றனர். நடுக்கமே இல்லாத பார்க்கின்சன் நோயாளரும் உளர் என்பதும், நோயாளருட் பெரும்பாலார் நாட்பட்ட நோவினால் வருந்துகின்றனர் என்பதும் அப்பெயரிலே தோன்றவில்லை. 2019ஆம் ஆண்டில் உலகத்தில் 85 இலட்சத்துக்கு மேற்பட்டோர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆதலின் இது ஏதோ ஒரு வீட்டுச் செய்தி அன்று.

நோவு இந்நோயில் எங்கிருந்து வருகின்றது? நடுமூளையிலே கருநிறமான சிறு பகுதியொன்று உண்டு. அங்குள்ள கலங்கள் டோபமீன் என்னும் பொருளைச் சுரப்பவை. அவை அழிய அழிய டோபமீன் குறைகின்றது. அது குறையவே அசைவு தாமதிக்கின்றது, தசை விறைக்கின்றது, நடை குறுகுகின்றது. டோபமீனுக்கு மற்றுமொரு தொழிலும் உண்டு. உடம்பிலிருந்து வரும் நோவுச் செய்தியை மூளை மட்டுப்படுத்துவதற்கும் அது துணை செய்கின்றது. எனவே நடுக்குவாதம் உற்றவரிடத்து நோவுக்குரிய காரணங்கள் மிகுகின்றன. நோவைத் தாங்கும் அளவோ குறைகின்றது.

இந்நோவு ஒரு தன்மையதும் அன்று. விறைத்த தசை ஓயாது இழுத்திருப்பதனால் தோளிலும் கழுத்திலும் நாரியிலும் உண்டாவது ஒருவகை. சிலருக்கு நடுக்கம் தோன்றுவதற்கு முன்னரே ஒரு பக்கத்துத் தோள் இறுகி நோகும். அதனைத் தனியே தோளில் வந்த பிடிப்பு என்று எண்ணி மாதக்கணக்கில் தைலம் பூசுவோர் உளர். இரவு உண்ட மருந்தின் வலு விடியற்புறத்திலே தேய்ந்தபோது, கால்விரல்கள் முறுகிப் பாதம் உட்புறமாகத் திரும்பி நோவது இன்னொருவகை. முள்ளந்தண்டருகே நரம்பு நெருக்குண்டு காலின்வழி மின்போல ஓடுவது வேறொருவகை. இடமும் காரணமும் காட்ட இயலாத எரிவு ஒன்றும் உண்டு; அது மூளையிலிருந்தே எழுவது என்பர். இவற்றுக்குப் பரிகாரமும் வெவ்வேறு. விறைப்பினால் வரும் நோவுக்கு ஒத்தடமும் முறையான உடற்பயிற்சியும் உதவும். விடியற்கால முறுக்கத்துக்குப் பனடோல் போன்ற நோக்குளிசை பெரிதும் உதவாது. பார்க்கின்சன் மருந்தின் அளவையும் நேரத்தையும் வைத்தியர் திருத்துதலே அதற்கு வழி. நரம்பு நெருக்கத்துக்கு வேறு சோதனை வேண்டும். ஆகவே ‘நோகுது’ என்ற ஒரு சொல் வைத்தியருக்குப் போதாது. எங்கே, எப்போது, எவ்வாறு என்னும் மூன்றும் வேண்டும். அம்மூன்றையும் சொல்லவேண்டியவர் நோயாளி. அவரோ சொல்வதில்லை.

ஏன் சொல்வதில்லை என்பதற்கு விடை மெய்ப்பாட்டியலில் இருக்கின்றது. உள்ளத்து நிகழ்வது உடம்பின்வழிப் புறத்தார்க்குப் புலனாதலே மெய்ப்பாடு. தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல் முதலாக எட்டு வகுத்து, இளிவரலுக்கு நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கினையும் எண்ணினார். பிணியும் வருத்தமும் மெய்யிலே தோன்றும், கண்டவர் அறிவர். இது எல்லா மக்களும் நம்பியிருக்கும் வழக்கு. பார்க்கின்சன் நோய் இவ்வழக்கை முறித்துவிடுகின்றது. முகத்துத் தசைகளும் விறைத்தலால் முகம் மரத்திற் செதுக்கிய முகம் போலாகின்றது. கண் இமைப்பதும் குறைகின்றது. சிரிப்பு உள்ளே எழும், உதட்டை எட்டாது. நோவு உள்ளே எரியும், புருவம் நெரியாது. உணர்ச்சி முன்போலவே இருப்ப, மெய்ப்பாடு மாத்திரம் போய்விடுகின்றது.

இதனை ஏட்டிற் படித்ததோடு வீட்டிலும் கண்டுவருகின்றேன். என் அம்மான் எங்கள் ஊர்க் கோயிலிலே நாற்பது ஆண்டு கந்தபுராணத்துக்குப் பயன் சொன்னவர். யாழ்ப்பாணத்துக் கலாசாரத்தைக் கந்தபுராண கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் குறித்தார்கள். அக்கலாசாரம் ஏட்டிலே வாழ்ந்ததிலும் பார்க்க, கோயில் மண்டபங்களில் இத்தகையோருடைய முகத்திலும் குரலிலுமே பெரிதும் வாழ்ந்தது. சூரபன்மன் அவையிலே வீரவாகு தேவர் தூது சென்று நின்ற இடத்துக்கு அம்மான் பயன் சொல்லும்போது, பெருமிதமும் வெகுளியும் அந்த ஒரு முகத்திலேயே மாறி மாறி வரும். அம்முகத்தில் இப்பொழுது எட்டில் ஒன்றும் இல்லை. நோய் கண்டு ஒன்பது ஆண்டாகின்றது. கனடாவிலுள்ள பிள்ளைகள் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுகின்றனர். ‘அப்பா அமைதியாய் இருக்கிறார், நோ ஒண்டும் இல்லைப் போலை’ என்று சொல்லி மனம் ஆறுகின்றனர். அஃது அமைதி அன்று என்பதை மாமி அறிவார். ‘முகத்திலை ஒண்டும் தெரியாது தம்பி. இரவிலை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டுதான் படுக்கிறவர். நோ கூடினால் பிடி இறுகும். அதுதான் எனக்குக் கணக்கு’ என்று ஒருநாள் சொன்னார்.

மாமி சொன்ன இக்கணக்கை நினைக்கும்போதெல்லாம் திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் முடிவு நினைவுக்கு வரும். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, பக்கத்தில் நின்று இயற்றுபவன் என மருத்துவத்துக்கு நான்கு உறுப்புகளை அங்கே வள்ளுவர் வைத்தார். நான்காமவனுக்கு அவர் வழங்கிய பெயர் உழைச்செல்வான். பரிமேலழகர் அந்நான்கினையும் தனித்தனி நந்நான்காக விரித்தார். நோயுற்றவனுக்கு வேண்டியவற்றுள் ஒன்றாக அவர் எண்ணியது நோய்நிலை உணர்த்தும் வன்மை. உழைச்செல்வானுக்கு வேண்டியவற்றுள் நோயாளியிடத்து அன்பை முதலில் வைத்தார்; அறிவையும் உடன் வைத்தார். பார்க்கின்சன் நோயிலே உற்றவனுடைய உணர்த்தும் வன்மைதான் பறிபோகின்றது. முகம் பேசாது, குரல் தாழ்ந்து அடுத்த அறைக்கும் எட்டாது, எழுதிக் காட்டுவோம் என்றால் எழுத்தும் போகப் போகச் சிறுத்துவிடும். ஓருறுப்புக் குறைந்தவிடத்து மற்றோர் உறுப்பு அதனை நிரப்பவேண்டும். நோய்நிலை உணர்த்தும் கடமை இந்நோயில் உழைச்செல்வானைச் சேர்கின்றது என்பதே என் கருத்து. குளிசை எடுத்துக் கொடுப்பதும் குளிக்க வார்ப்பதும் அவன் தொழிலிற் பாதி. பேசாத மெய்க்கு உரை காண்பது மற்றைப் பாதி.

இதற்குத் தடை கூறுவார் உளர். நோவைப் பேசப் பேச அது பெருகும் என்பர். பொறுத்தலே பெரியோர் இயல்பு என்பர். தனக்கு உற்ற நோயைப் பொறுத்தலையே தவத்துக்கு வடிவமாக வள்ளுவர் கூறினாரன்றோ என்றும் கேட்பர். நம் குடாநாட்டில் இத்தடைக்கு வலு மிகுதி. 1990ஆம் ஆண்டு தொடங்கித் தரைவழிப் பாதை அடைபட்டிருந்த காலத்திலும், 2006 ஆகஸ்ட்டில் ஏ-9 வீதி மறுபடியும் மூடப்பட்ட பின்னரும் இங்கே மருந்துகள் அரிதாயின. அந்நாளிலே பல்லைக் கடித்துப் பொறுத்துப் பழகிய தலைமுறையே இன்று மூப்பையும் மூப்பின் பிணிகளையும் அடைந்திருக்கின்றது. ‘இதென்ன பெரிய நோவே’ என்பது அவர்களுக்கு வாய்ப்பாடு. அவர்களுடைய பொறுமையை நான் குறைத்துச் சொல்லேன். ஆயின் வள்ளுவர் சொன்னதை முழுதும் பார்க்கவேண்டும். பொறுக்கவேண்டியது தன் நோய் என்றாரேயன்றிப் பிறர் நோய் என்றாரல்லர். அவ்விடத்திலேயே, பிற உயிர்க்குத் துன்பஞ் செய்யாமையையும் தவத்தின் மறுபாதியாக வைத்தார். அறிவின் பயனையே பிறர் நோயைத் தன்னதாகக் கொள்ளுதலில் வைத்தவரும் அவர்தாம். நோயாளி பொறுப்பது அவருடைய தவம். அவர் பொறுக்கின்றார் என்று கண்டு நாம் வாளா இருப்பது நம்முடைய தவம் ஆகாது.

சைவ உலகிலே தீராத நோவு என்றவுடன் நினைவுக்கு வருபவர் திருநாவுக்கரசு நாயனார். சூலைநோய் குடரை முறுக்கியபோது அவர் அதனை மறைத்தாரல்லர். தமக்கையார் திலகவதியார்க்கு ஆள் அனுப்பினார்; பின்னர்த் தாமே திருவதிகைக்குச் சென்று அவர் அடியில் வீழ்ந்தார். தமக்கையாரும் ‘பொறுத்துக்கொள்’ என்று சொல்லி வாயிலை அடைத்தாரல்லர். திருநீறு அளித்துத் திருக்கோயிலுக்கு உடன் அழைத்துச் சென்றார். அங்கே பாடிய முதற் பதிகத்திலே நோவு நிற்கும் இடத்தையும் அது செய்யும் செயலையும் நாயனார் எடுத்துச் சொல்லுகின்றார். நோவைச் சொல்லுதல் சிறுமையாயின் அவருடைய திருமுறை அதனையே தொடக்கமாகக் கொண்டிராது. நாவுக்கரசர்க்குச் சொல்ல நாவு இருந்தது. நாத் தளர்ந்தவருக்கோ, திலகவதியார் நிலையில் உள்ளவர் தாமே கேட்டு அறிதல் வேண்டும்.

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. ‘நோகுதோ?’ என்று வாயிலில் நின்று கேட்டால் ‘இல்லை’ என்ற விடையே வரும். அருகில் இருந்து, ‘குத்துதோ, உளையுதோ, எரியுதோ?’ என்று சொல்லை எடுத்துக் கொடுக்கவேண்டும். கொடுத்தபின் காத்திருக்கவேண்டும். இந்நோயிலே கேள்வி உள்ளே சென்று விடை வெளியே வருவதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு நாமே விடை சொன்னால் அவர் தலையசைத்துவிடுவார். அம்மானிடம் இவ்வாறு கேட்டபோது, சற்றுப் பொறுத்து மெல்லிய குரலிலே சொன்னார்: ‘உளைவில்லைத் தம்பி. விடியப்புறம் ஆரோ பெருவிரலைப் பிடிச்சு முறுக்குமாப்போலை.’ புராணத்துக்குப் பயன் சொன்னவர் அல்லவா. உவமை இன்னும் அவரை விட்டுப் போகவில்லை. அவ்வாக்கியத்தை நேரத்தோடு கொப்பியில் எழுதி அடுத்த கிளினிக்கில் மாமி வைத்தியரிடம் காட்டினார். வைத்தியர் இரவு மருந்தை மாற்றி அமைத்தார். நோவு ஒழிந்தது என்று சொல்லமாட்டேன். நாள்தோறும் வந்தது, இப்போது வாரத்தில் இரண்டு மூன்று விடியலில் வருகின்றது. இந்நோயிலே அது பெரிய பேறு.

நம் பேச்சு வழக்கு இவ்விடத்தில் ஒரு பெருஞ் செல்வம். நாள் முழுதும் நடந்த கால் உளையும். ஓயாது எழுதிய கை கடுக்கும். காய்ச்சலில் கண் எரியும். குளிரில் விரல் விறைக்கும். பாரந் தூக்கினவனுக்கு நாரி பிடிக்கும். இச்சொற்கள் ஒன்றுக்கொன்று பிரதி ஆகமாட்டா. வைத்தியர் வகுத்த பிரிவுகளுக்கும் இவை பெரும்பாலும் ஒத்து வருகின்றன. உளைவும் பிடிப்பும் தசையைச் சுட்டும். முறுக்கம், மருந்து தேய்ந்த நேரத்தைச் சுட்டும். மின்னிப் பாய்வது நரம்பைச் சுட்டும். எல்லாவற்றையும் ‘வருத்தம்’ என்ற ஒரு சொல்லிலே போட்டு மூடினால் வைத்தியர் எதைக் கொண்டு தெளிவார்?

கொப்பியில் நான்கு நிரல் போதும்: மருந்து கொடுத்த நேரம், உணவு உண்ட நேரம், நோவு வந்த நேரம், அந்நோவுக்கு அவர் சொன்ன சொல். உணவை ஏன் எழுதவேண்டும் என்று கேட்கலாம். இந்நோய்க்குத் தலையாய மருந்து லெவோடோபா. பருப்பு, மீன், முட்டை, பால் முதலிய புரத உணவுகள் அது உடம்பிற் சேர்வதைத் தடுக்கக்கூடும். மருந்து பிந்தினால் விறைப்பும் நோவும் முந்தும். ஆதலின் உணவுக்கு அரை மணி நேரமாவது முன்னதாக அதனைக் கொடுக்கும்படி வைத்தியர் பலர் சொல்வர். இரும்புச்சத்துக் குளிசையையும் அதனோடு சேர்த்துக் கொடுத்தலாகாது. மருந்தைத் திடீரென நிறுத்துதல் ஆபத்து. குமட்டலுக்குக் கொடுக்கும் மெற்றோக்குளோப்பிரமைட்டு போன்ற சில மருந்துகள் இந்நோயை மோசமாக்கும். வேறு எதற்காக வைத்தியரிடம் போனாலும் நடுக்குவாதம் உண்டு என்பதை முதலிலே சொல்லவேண்டும். 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியிலே நாடெங்கும் மருந்து அருகிற்று. அத்தகைய காலத்தில் எந்த வேளைக் குளிசை தவறினால் எந்த நோவு எழுகின்றது என்று அறிந்து வைத்திருத்தலும் வைத்தியருக்கு உதவும்.

லெவோடோபாவின் வரலாறும் இக்கருத்துக்கே சான்று. நம் நாட்டு வைத்தியத்தில் வழங்குவதும், சுணை பட்டால் உடம்பெல்லாம் அரிப்பதுமாகிய பூனைக்காலி விதையிலே இப்பொருள் உண்டு. 1937ஆம் ஆண்டிலேயே சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் ஆராய்ச்சியாளர் அவ்விதையிலிருந்து இதனைப் பிரித்தெடுத்தனர். ஆனால் 1960இல் வியன்னா நகரத்து ஹோர்னிக்கீவிச், நோயாளர் மூளையிலே டோபமீன் குறைந்திருத்தலைக் கண்டு வெளியிட்ட பின்னரே, 1961இல் லெவோடோபா நோயாளருக்கு ஏற்றிப் பார்க்கப்பட்டது. 1967இல் அமெரிக்காவிலே கொட்சியாஸ் அதனை வாய்வழி கொடுத்துப் பெரும் பயன் கண்டார். பொருள் கையில் இருந்தும், நோய்நிலை உணரப்படாமையால் மருந்து இத்தனை ஆண்டு பிந்தியது. இதனைப் படித்துவிட்டுப் பூனைக்காலி விதையைத் தூளாக்கிக் கொடுக்க யாரும் முற்படலாகாது. அளவு அறிய முடியாது. உண்டுவரும் குளிசையோடு கூடினால் கேடும் விளையும்.

உழைச்செல்வாரும் மெய்யுடையார் என்பதை ஊரார் மறத்தலாகாது. படுக்கையிலே தாமாகப் புரள முடியாதவரை இரவில் இரண்டு மூன்று முறை புரட்டிவிடும் மாமிக்கும் வயது எழுபதுக்கு மேல். அவருக்கும் நாரி நோகும். பிள்ளைகள் கடல்கடந்து போன வீடுகள் நம் குடாநாட்டில் பல. அங்கெல்லாம் முதியவரை முதியவரே தாங்குகின்றனர். சுகம் விசாரிக்கப் போகும் உறவினர், தேநீர் குடித்துத் திரும்புவதற்குப் பதிலாக வாரத்தில் ஓர் இரவைத் தாம் ஏற்றுக்கொண்டால், அவ்வோர் இரவில் அம்முதியவள் உறங்குவாள்.

இனி, தமிழ் கற்ற நாம் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்து அரசர் பெயரால் வழங்கும் பரராசசேகரம், செகராசசேகரம் என்னும் வைத்திய நூல்கள் நோய்க்குறிகளைத் தமிழிலே வகுத்துச் சொல்லியவை. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் கிறீன், மானிப்பாயிலிருந்து மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம் முதலிய நூல்கள் அம்முயற்சியால் வந்தவை. அவ்வழியில் இன்று எஞ்சியிருக்கும் வேலை, நோயாளியின் வாயிலிருந்து சொல்லைத் திரட்டுதல். நம் மாணவர் தத்தம் வீட்டு முதியவரிடம் சென்று, நோவுக்கு அவர்கள் வழங்கும் சொற்களை இடமும் பொருளும் குறித்து எழுதிவரட்டும். இலக்கிய வட்டங்கள் அவற்றை ஒழுங்குபடுத்தட்டும். வைத்தியரும் கைதடியிலே சித்த மருத்துவம் பயில்வோரும் அவற்றுக்கு நேரான நோய்க்குறிகளைக் காட்டட்டும். ஒரு சிறு கைந்நூல் உருவாகும். அது வைத்தியசாலையிலே வெளியூர் வைத்தியருக்கும் பயன்படும். வீட்டிலே கேட்கத் தெரியாதவருக்கும் பயன்படும். அகராதி தொகுப்பதை அறிவுத் தொண்டு என்கின்றோம். இவ்வகராதி அறத்தொண்டும் ஆகும்.

அதுவரையில் ஒன்று செய்யலாம். நடுக்குவாதம் உற்ற உறவினரைக் காணச் செல்பவர், அவர் கையை மாத்திரம் பார்த்துத் திரும்பாமல் அருகில் இருந்து, எங்கே நோகின்றது, எப்படி நோகின்றது என்று கேட்பாராக. கேட்டபின் விடை வருமளவும் எழுந்திராது இருப்பாராக.